எல்லை அளந்த காசு

கொழும்பிலிருந்து வந்த கடிதத்தை ஜெகதீஸ்வரன் மூன்றாம் முறை வாசித்தார். எண்பத்து மூன்றில் வவுனியா எல்லைக் காட்டை மூன்று மாதம் அளந்ததற்கான நிலுவையைத் தர, இருபது வருடம் கழித்து அரசாங்கம் இணங்கியிருந்தது. அவர் உயிரோடிருப்பதாக ஒஸ்லோவில் சான்றிதழ் எடுத்து அனுப்பினால் போதும்.

காசு பெரிதில்லை. முதியோர் இல்லத்தில் தரை துடைக்கிற தான் ஒருகாலத்தில் நில அளவையாளர் என்று ஒரு அரசாங்கமாவது ஒப்புக்கொள்ள வேண்டும். மகள் நிருஜாவே அதை நம்பியதில்லை.

சான்றிதழ் போனது. பதில் வந்தது.

"என்னவாம்?" என்றாள் மனைவி ராசமலர்.

"இரத்தினவேல் உயிரோட இருக்கிறது சந்தோசமாம். ஆனா அது என்ரை அப்பான்ரை பேராம். என்ரை சான்றிதழ் வேணுமாம்."

நம் வழக்கப்படி தகப்பன் பேரை முன்னால் எழுதிக்கொண்டு வந்த மனிதர். நோர்வேக்காரர் முன்னால் இருந்ததையே அவர் பேராக்கிவிட்டார்கள். பதினேழு வருடமாக, செத்த தகப்பனின் பேரில்தான் சம்பளம் வாங்குகிறார்.

பேரைத் திருத்தச் சொல்லி ஒஸ்லோப் பதிவுக் கந்தோருக்கு எழுதினார். ஆதாரமாகத் தகப்பனின் மரணச் சான்றிதழையும் வைத்தார். வேலியில் போன ஓணானை மடியில் கட்டிய கதைதான். பிறந்த திகதியை ஒருவரும் பார்க்கவில்லை. இரத்தினவேல் இறந்துவிட்டதாகப் பதிந்து, ராசமலருக்கு அனுதாபக் கடிதம் அனுப்பினார்கள். சம்பளம் நின்றது. வங்கி அட்டையை இயந்திரம் விழுங்கியது.

கந்தோருக்கு ஓடினார்.

"இறந்தவர் உங்களுக்கு என்ன உறவு?" என்று நோர்வே மொழியில் கேட்டாள் அங்கிருந்த பெண்.

"நான்தான் அவர்."

"அப்படியானால் உயிரோடிருப்பதற்குச் சான்றிதழ் வேண்டும்."

"அதை நீங்கள்தானே தர வேண்டும்?"

"ஆமாம். ஆனால் இறந்தவர்களுக்குத் தருவதில்லை."

ஒஸ்லோவின் ஓரத்தில் ஹவுகன்ஸ்டுவாவிலிருந்த வீட்டுக்கு நவம்பர் குளிரில் நடந்தே வந்தார். இரண்டு அரசாங்கங்களுக்கும் தான் இல்லை என்பதை நினைக்க அழுகை வந்தது.

தை பிறந்ததும் கொழும்பிலிருந்து இன்னொரு கடிதம். இம்முறை ராசமலர் பேருக்கு. நிருஜா வாசித்துச் சொன்னாள்.

"காலஞ்சென்ற நில அளவையாளர் ஜெகதீஸ்வரன்ரை சேவைக்கு நன்றியாம். நிலுவை முழுக்க அம்மாவுக்காம். மாசாமாசம் விதவைப் பென்சனும் வருமாம்." நிமிர்ந்து பார்த்தாள். "அப்பா, நீங்கள் உண்மையாவே நிலம் அளந்த சேவையரோ?"

"ஓம் பிள்ளை," என்றார். பிறகுதான் மற்றது உறைத்தது. "நான் செத்துப்போனனெண்டு இவங்களுக்கு ஆர் சொன்னது? இப்பவே எழுதிறன்."

ராசமலர் மேசையிலிருந்த பேனையை எடுத்து மூடினாள்.

"எழுதாதேங்கோப்பா. சம்பளம் நிண்ட அண்டைக்கே அந்த அனுதாபக் கடிதத்தை வைச்சுக் கொழும்புக்கு அறிவிச்சது நான்தான்."