ரெண்டு கிழமை அண்ணையின் தலையணை

உலகத்தில் எதுவுமே நிரந்தரமில்லை என்று சாமியார்மார் வாயால்தான் சொல்லுவார்கள். அதை வாழ்ந்து காட்டிய ஒரே மனிதர் கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் லொட்ஜின் ‘ரெண்டு கிழமை அண்ணை’. யாழ்ப்பாணத்துப் பாதை பூட்டிக் கிடந்த சண்டைக் காலம். “ரெண்டு கிழமையிலை பாதை திறந்திடும், வீட்டை போயிடுவன்” என்று சொல்லிக்கொண்டு வந்தவர், நான் வேலை கிடைத்து அங்கே போய்ச் சேர்ந்தபோது ஐந்தாவது வருடமாக அந்த இரண்டு வாரத்தையே சொல்லிக்கொண்டிருந்தார்.

சூட்கேஸைத் திறந்து உடுப்பை அடுக்கமாட்டார். சுவரில் ஓர் ஆணி அடிக்கமாட்டார். அந்தச் சூட்கேஸில்தான் தலை வைத்துப் படுப்பார். கழுத்து ஒரு பக்கம் இழுத்து, எந்நேரமும் பஸ் வருகிறதா என்று பார்க்கிறவர் போலவே நடப்பார்.

“ஒரு தலகணி வாங்குங்கோவன் அண்ணை.”

“உனக்கென்ன விசரே? ரெண்டு கிழமைக்கு ஆரும் தலகணி வாங்குவினமே?”

லொட்ஜைச் சோதிக்க வந்த பொலிஸ்காரர் ஒருமுறை, “ஸ்திரத?” என்று சிங்களத்தில் அவரிடம் கேட்டார். நிரந்தரமாக இங்கேதானா என்று அர்த்தம். அண்ணை தன் சட்டையைத் தடவிப் பார்த்தார். “நே மாத்தயா, ஹேதுவா விதரய்.” இஸ்திரி போட்ட சட்டையா என்று கேட்டதாக எடுத்துக்கொண்டு, இல்லை ஐயா, தோய்த்தது மட்டும்தான் என்கிறார்! பொலிஸ்காரரே சிரித்துவிட்டுப் போய்விட்டார். இந்த மனுஷனுக்குச் சிங்களம் சுட்டுப்போட்டாலும் வராது என்று நாங்களும் வயிறு நோகச் சிரித்தோம்.

அடுத்த சோதனையில் மாட்டுப்பட்டது நான். கொழும்பில் தங்குகிற தமிழர் காட்டவேண்டிய பொலிஸ் பதிவு எனக்கு இன்னும் கைக்கு வரவில்லை. ஜீப்பில் ஏறு என்றார்கள். முந்திய மாதம் அப்படி ஏறிய பக்கத்து அறைப் பெடியன் திரும்பி வரவேயில்லை. நிரந்தரமாக இங்கே இருக்கிற யாராவது பொறுப்பு நின்றால் விடலாம் என்றார் இன்ஸ்பெக்டர். மற்றவர்கள் ஒவ்வொருவராகப் பின்னுக்கு நகர்ந்தார்கள்.

“மம மெஹே ஸ்திரய், மாத்தயா. மெயா மகே மல்லி.”

நான் இங்கே நிரந்தரம், இவன் என் தம்பி. திரும்பிப் பார்த்தால் அண்ணை! கல்லு முள்ளு இல்லாத சிங்களம். பாவி மனுஷன், அன்றைக்கு எல்லாம் விளங்கித்தான் சட்டையைத் தடவியிருக்கிறார்.

ஜீப் போனபிறகு அவர் முகம் செத்துப்போயிருந்தது. “இதுதான் என்ரை இடமெண்டு என்ரை வாயாலையே சொல்லிப்போட்டன்டா.” பிறகு என் தோளில் தட்டி, “சரி விடு. வீடு எங்கையும் ஓடாது. உன்னைக் கொண்டுபோயிருந்தா?” என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அடுத்த நாளே ஒரு தலையணை வாங்கிக் கொடுத்தேன். முறைத்தார். “ரெண்டு கிழமைக்குத்தான்” என்று வாங்கிக்கொண்டார்.

கடைசியில் பாதை திறந்தேவிட்டது. அவரை ஊருக்கு பஸ் ஏற்றிவிடப் போனேன். அந்தப் பழைய சூட்கேஸின் மேல், கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது என் தலையணை.