லிங்க் வழியே வந்த விருந்தாளிகள்

பன்னிரண்டு பேர் வேண்டும்; உள்ளே வந்திருப்பது பத்துப் பேர். அதில் ஒருவர்கூடச் சோதனையைத் தொடங்கவில்லை. இலக்கியாவுக்குத் தலை சுற்றியது.

தலையில் கனத்த கண்ணாடி மாட்டாமல், சாதாரணப் போனில் ஒரு லிங்க்கைத் தட்டினாலே எல்லோரும் ஒரே மெய்நிகர் கூடத்துக்குள் பொம்மை உருவங்களாக நடமாடலாம். இதுதான் அவளுடைய ஆராய்ச்சி.

"போன்ல பார்த்தா படம் பார்க்கிற மாதிரிதாம்மா இருக்கும். அங்கேயே இருக்கிற உணர்வு யாருக்கும் வராது" என்பது வழிகாட்டி சபரிநாதனின் கட்சி. வரும் என்று இன்று ஐந்து மணிக்குள் நிரூபிக்காவிட்டால், மூன்று வருட உழைப்பும் ஆற்றில் கரைத்த புளிதான்.

ஆள் கிடைக்காத அவசரத்துக்குச் சொந்தக்காரர்களின் வாட்ஸப் குழுவில் லிங்க்கைப் போட்டிருந்தாள். வந்தது வினை.

ஒருவர் நுழைந்தால் உள்ளே இருக்கும் அத்தனை பொம்மைகளும் திரும்பி, "வாங்க, வாங்க!" என்றன. வந்தவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, "வந்தனுங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் அடுத்தவர் நுழைந்தார். இதில் ஒருவரை விட்டுவிட்டால் மூன்று தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை இருக்காது. இரைச்சலில் சர்வரே திணறியது.

இலக்கியா எல்லோருடைய மைக்கையும் அணைத்தாள்.

உடனே போன் அடித்தது. பரமத்தி வேலூர் ஆண்டி மாமா.

"ஏஞ்சாமி, தோட்டத்து வேலைய உட்டுப்போட்டு வந்திருக்கறேன். வாங்கன்னு ஒரு வார்த்த கேக்க நாதியில்லையா?"

"மைக்க நாந்தானுங்க மாமா ஆப் பண்ணுனேன்!"

"அப்ப நீயே வேண்டாங்கறயா?"

சமாதானத்துக்காகக் கூடத்தின் சுவரில், 'வாங்க, உட்காருங்க' என்று கொட்டை எழுத்தில் எழுதி, ஒரு நாற்காலியும் போட்டாள். பத்துப் பேருக்கு ஒரு நாற்காலி! மாமா போய்ச் சேர்வதற்குள் சித்தப்பா மகன் பூபதி அதில் உட்கார்ந்துவிட்டான்.

"பெரியவங்க நிக்கறப்ப சின்னப் பையனுக்கு நாற்காலியா?" என்று மாமா மறுபடி போனில் கத்தினார்.

இலக்கியா நாற்காலியை அழித்தாள். உட்கார்ந்தவனை எழுப்பிவிட்டாளே என்று பூபதி குடும்பத்தோடு வெளியேறினான். உட்கார நாற்காலியே இல்லை என்று மாமாவும் வெளியேற, மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள். ஐந்து மணிக்குக் கூடம் துடைத்து வைத்ததுபோல் கிடந்தது.

சபரிநாதன் வந்து திரையைப் பார்த்தார். "நான் அப்பவே சொல்லலையா? போன்ல பார்த்தா யாருக்கும்மா நிஜம்னு தோணும்?"

இலக்கியாவுக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து ஆண்டி மாமாவின் மனைவி சென்னியம்மாள் அழைத்தாள். அவசரமாக எடுத்ததில் ஸ்பீக்கர் பொத்தானும் அமுங்கியது.

"ஏங்கண்ணு, உங்க மாமன் கட்டல்ல படுத்துக்கிட்டேதான் போனப் பாத்தாரு. உன்ற கூடத்துல அரைமணி நேரமா நிக்க வெச்சுப்போட்டீங்கன்னு, இப்ப முட்டிக்குத் தைலம் தேச்சு உடச் சொல்றாரு சாமி!"