மூடி போட்டு வைக்கும் பூனை

அன்புத் தங்கைக்கு, இந்த வயதில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்ட அண்ணன் தன் கையால் எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். என் எழுத்து சந்தைக் கூட்டம்போல ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நிற்கும், பொறுத்துக்கொள். ஒரு 'ஞ' போட்டு முடிப்பதற்குள் தேநீர் ஆறிவிடுகிறது. ஆனாலும் ஒவ்வொரு வரி முடிந்ததும் தாளைத் தள்ளிப் பிடித்து அழகு பார்க்கிறேன்.

விஷயம் துரையைப் பற்றி. நீ குட்டியாகக் கொண்டுவந்து விட்ட பூனை இப்போது என்னைப்போலக் கிழவனாகிவிட்டான். கொஞ்ச நாளாக என் கட்டிலருகே வைக்கும் செம்புத் தண்ணீர் காலியாகிக்கொண்டே இருக்கிறது. தட்டில் ஊற்றினால் தொடமாட்டான், என் செம்புதான் வேண்டும் அவனுக்கு. மருமகளும் நானும் பூனை வைத்தியரிடம் தூக்கிப் போனோம். வாசல் பலகையை நான் எழுத்துக்கூட்டி முடிக்கும்வரை அவளை உள்ளே விடவில்லை. அந்த டாக்டரம்மா வயிற்றைத் தடவிப் பார்த்து, "வயசான பூனை இவ்வளவு தண்ணி குடிச்சா கிட்னி கெட்டிருக்கலாம் ஐயா. ரத்தம் எடுத்திருக்கேன். எவ்வளவு குடிக்குதுன்னு கவனிங்க" என்றார்.

கவனித்தேன், அங்கேதான் வினை. செம்புக்கு மூடி போட்டுவிட்டு மதியம் படுத்தேன். எழுந்தால் தண்ணீர் இல்லை, மூடி போட்டபடியே இருக்கிறது. துரை பக்கத்தில் உட்கார்ந்து கண்கொட்டாமல் என்னைப் பார்க்கிறான். மறுநாள் அவனைச் சமையலறையில் விட்டுத் தாழ்ப்பாள் போட்டேன். அன்றைக்கும் தண்ணீர் இல்லை, மூடி இருக்கிறது, தரையில் ஈரம் சொட்டுச்சொட்டாகக் கதவுவரை போயிருக்கிறது. சமையலறைக் கதவை உள்ளிருந்து பிறாண்டுகிறான். திறந்து, "நீ உள்ளதானடா இருந்தே?" என்றேன். பதிலுக்கு என் மீசையை மோந்து பார்த்துவிட்டுப் பின்வாங்கினான்.

மருமகளிடம் சொன்னால், "குடிச்சிட்டு மூடி வேற வைக்குதா? உங்க பிள்ளைக்கே அந்தப் பழக்கம் கிடையாதே மாமா" என்கிறாள். சிரித்தாளே தவிர, போகும்போது செம்பை ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். நாளை நான் தூங்கும்போது கூடவே உட்கார்ந்து பார்க்கிறாளாம்.

உன் அண்ணி போனபிறகு இந்த அறையில் என்னோடு மூச்சுவிடுகிற ஜீவன் அவன் ஒருவன்தான். அவனுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது. பிள்ளைகளுக்கு என் ஆசியைச் சொல்.

இப்படிக்கு,
அண்ணன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் கதை தலைகீழாகிவிட்டது. துரையின் ரத்தத்தில் ஒரு குறையும் இல்லையாம். மருமகள் பார்த்துவிட்டாள். நான்தான் கண்ணை மூடியபடியே எழுந்து, செம்பை ஒரே மூச்சில் காலி செய்து, மூடியைப் பதவிசாக வைத்து, குளியலறை போய்வந்து படுத்தேனாம். துரை கத்திக்கொண்டே என் காலைச் சுற்றி வந்தானாம். "கிளம்புங்க மாமா, இந்தத் தடவ மனுஷ டாக்டர்" என்றாள். என் ரத்தமும் எடுத்தாயிற்று. முடிவு அடுத்த வாரம் வரும். 'சிறுநீரகம்' என்று இப்போதே எழுதிப் பழகுகிறேன். முடிவு வரும் தாளை வேறு யாரும் படித்துச் சொல்ல விடமாட்டேன். நானே படித்துவிட்டு, எதுவாக இருந்தாலும் உள்ளதை உள்ளபடி உனக்கு எழுதுவேன்.