ஐம்பத்தோராவது காது

என் அக்கா இந்த உலகத்துக்கு அளித்த ஒரே நல்ல காரியமாகிய மருமகளுக்கு, ஓய்வுபெற்ற தண்ணீர் மீட்டர் ரீடரும், முப்பத்திரண்டு ஆண்டுகளில் ஒரு கதவைக்கூடத் தட்டாமல் விடாதவனுமாகிய உன் தாய்மாமன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அத்தையும் நலம். அவள் குரல் என்னைவிட நலம். உன் நலம் வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் என்று நீயே சொல்லிவிட்டதால் தனியாக விசாரிக்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். வானொலியில் நீ நடத்தும் ‘காதுக்கு எட்டாதவர்கள்’ நிகழ்ச்சிக்கு இந்த வெள்ளிக்கிழமை நிஜமாகவே யாரும் அறியாத ஒரு கலைஞரைக் கொண்டுவராவிட்டால் அந்த ஒரு மணி நேரத்தை மெத்தைக் கடைக்காரரின் விளம்பரத்துக்குத் தூக்கிக் கொடுத்துவிடுவேன் என்று உன் மேலாளர் மிரட்டியதையும், ஐம்பது பேருக்கு மேல் கேட்டிருந்தால் அவர் அறியப்படாத கலைஞரே இல்லை என்று விதி போட்டதையும் சொல்லி போனில் அழுதாயே, “வீடு வீடா போனவரு நீங்க, உங்களுக்குத் தெரியாதவங்களா மாமா?” என்று கேட்டாயே, அந்தக் கேள்வியில் என் நெஞ்சு விரிந்த வேகத்தில் சட்டைப் பொத்தான் ஒன்று பறந்து மீன் தொட்டியில் விழுந்தது. மீன் இன்னும் கோபமாக இருக்கிறது.

முதலில் பிடித்தது பல் டாக்டரை. பகலெல்லாம் பல் பிடுங்குகிறவர், மாலையில் கிளினிக்கைப் பூட்டிக்கொண்டு, சுவர் முழுக்கப் பஞ்சு ஒட்டிய பின்னறையில் மின்சார கிதாரை மாட்டிக்கொண்டு மெட்டல் என்கிற கத்தல் பாட்டுப் பாடுகிறார். பாட்டா அது! ஒரு சரணம் முடிவதற்குள் என் மூக்குக்கண்ணாடியின் பவர் மாறிவிட்டது. “எத்தனை பேர் கேட்டிருப்பாங்க டாக்டர்?” என்றேன். “இதைக் கேட்டா எவன் சார் என்கிட்ட வாயைத் திறப்பான்? உங்களைத் தவிர யாரும் கிடையாது” என்றார். ஆனால் வீட்டுக்காரர் சொல்லும் எண்ணை நான் எந்தக் காலத்திலும் எழுதிக்கொண்டதில்லை. நேரில் சரிபார்த்துத்தான் எழுதுவேன். ஆகவே பாட்டைச் செல்போனில் பதிந்துகொண்டு கதவு கதவாகத் தட்டி, “இதைக் கேட்டிருக்கீங்களா?” என்று போட்டுக் காட்டினேன். இல்லை என்றார்கள். அடுத்த வீடு, இல்லை. ஒவ்வொரு இல்லைக்கும் ஆனந்தக் கண்ணீர் வடித்துக் குறித்துக்கொண்டே போனேன். ஐம்பதாவது கதவில் இருந்த பேக்கரிக்காரர் மட்டும், “கேட்டதில்ல சார். அதான் இப்போ கேட்டுட்டேனே?” என்றார். என்னோடு சேர்த்தால் ஐம்பத்தொன்று. அவர் கடைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். தண்ணீர் கொடுத்தார்.

செய்த தப்பையே திரும்பச் செய்கிற ஆளா உன் மாமன்? தையற்காரர் விஷயத்தில் புதுத் தப்பாகச் செய்தேன். கழுத்தில் அளவு நாடாவோடு சாக்ஸபோன் வாசிக்கும் மகான் அவர். ஜாஸ். அந்தச் சோகத்தில் மாட்டியிருந்த சட்டைகளெல்லாம் தோள் குலுங்கின. இந்தத் தடவை பதிவும் வேண்டாம், பாட்டும் வேண்டாம் என்று என் வாயாலேயே வாசித்துக் காட்டி விசாரித்தேன். முதல் வீட்டு அம்மாள், “ஐயோ, இது தெரியாதா? குழாயில தண்ணி நின்னா இந்தச் சத்தம்தானே வரும்!” என்றாள். அடுத்த வீட்டிலும் அதே. மொத்தம் அறுபத்து மூன்று பேர், ஏற்கெனவே கேட்டிருப்பதாகச் சத்தியம் செய்தார்கள். தண்ணீர் மீட்டரில் வாழ்ந்தவனைத் தண்ணீரே கவிழ்த்தது.

மூன்றாவது ஆள் சலவைக் கடைக்காரம்மா. பன்னிரண்டு வாஷிங் மெஷின்களின் சத்தத்தைப் பிடித்து, வெட்டி, ஒட்டி, நாற்பது நிமிட எலக்ட்ரானிக் இசை செய்கிறார். கேட்டு முடித்தால் மனசு பிழிந்து உதறிய துண்டு மாதிரி ஆகிவிடும். மகாராசி, கேட்டவர்களிடமெல்லாம் நோட்டில் கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறார்: சரியாக நாற்பத்தொன்பது! நான் ஐம்பது. விதிக்குள் நின்றோம். யாரையும் விசாரிக்கவில்லை. வீட்டுக்குப் போய், அறைக் கதவைச் சாத்தி, உனக்கு அனுப்புமுன் பதிவு சரியாக இருக்கிறதா என்று மெதுவாக வைத்தேன். சமையலறையிலிருந்து உன் அத்தை, “என்னங்க அது சத்தம்?” என்றாள்.

“கேக்காதே! காதைப் பொத்திக்கோ!”

“பொத்திக்கிட்டா நீங்க பண்ற கூத்து எனக்கு எப்படித் தெரியும்?”

“ஐம்பத்தொண்ணு ஆயிட்டியேடி!”

“எனக்கா? நாற்பத்தெட்டுதானே முடிஞ்சுது!”

அன்று முதல் எனக்குத் தயிரில் உப்பில்லை.

ஆகவே, மருமகளே, இந்த ஊரில் யாரும் அறியாத கலைஞர் என்று ஒரு உயிர்கூட மிச்சமில்லை என்பதைப் பெருமையும் துக்கமும் கலந்து அறிவிக்கிறேன். பல் டாக்டரிடம் மூன்று பேர் ஆட்டோகிராப் கேட்டிருக்கிறார்கள். மேலாளரிடம் மரியாதையாகத் தோல்வியை ஒப்புக்கொண்டு, அந்த ஒரு மணி நேரத்தை மெத்தைக் கடைக்காரருக்கு விட்டுக்கொடு. மனிதனுக்கு மெத்தையும் வேண்டியதுதானே. என் ஆசி மலைபோல உன் பக்கத்தில் நிற்கும். அத்தையின் அன்பு அந்த மலையின்மேல் உட்கார்ந்திருக்கும்.

இப்படிக்கு,
உன் தலைவிதியில் தலையிட்ட
மாமன்

பின்குறிப்பு: தபாலில் போட்டால் வெள்ளிக்கிழமைக்குள் வராது என்று கடிதத்தை உன் வானொலி நிலையத்துக்கே எடுத்து வந்தேன். இதை வாசல் காவலாளியின் மேசையில் வைத்து எழுதுகிறேன். நான் புலம்பியதைக் கேட்டுவிட்டு அவர், “யாருக்கும் தெரியாத பாட்டா? அது உள்ளதானே சார் இருக்கு! உங்க மருமகப் பொண்ணு மைக்கை அணைச்சிட்டு, தனியா, அதுவா கட்டின பாட்டைப் பாடும். பெருக்குற அம்மா, ஒயர்மேன், நான், மூணே பேரு கேட்டிருக்கோம். மேலாளர்கிட்ட சொல்லிடாதீங்கன்னு கெஞ்சிச்சு” என்றார். நம்பாமல் உன் அறைக் கதவில் காதை வைத்தேன். நான் நாலாவது. பாட்டு முடியும்வரை காதை எடுக்கவில்லை; வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கதவைத் தட்டாமல் திரும்பினேன்.

மேலே எழுதியது அத்தனையும் ரத்து. வெள்ளிக்கிழமை மைக்கை அணைக்காதே. சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு, உன் பாட்டோடு நான் கதவு தட்டக் கிளம்புகிறேன்.