மாடிவீட்டுக்காரரின் வாசனை

இந்த வீட்டுக்குள் இனி இன்னொரு ஆண்பிள்ளையின் வாசனைக்கு இடமில்லை என்று கண்ணாடிக்கடைக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சபதம் எடுத்தார். வாய்விட்டு எடுக்கவில்லை. மனைவி பக்கத்தில் இருந்தாள்.

விஷயம் இதுதான். மேல்மாடியில் குடியிருந்தவர் கார் ஓட்டக் கற்றுத் தருகிறவர். கத்தரித்த மீசை, கசங்காத சட்டை, இவர் கடையிலேயே வாங்கிப் போட்ட மூக்குக்கண்ணாடி. அதெல்லாம் போகட்டும். கொஞ்ச நாளாக அவர் படியிறங்கிப் போனால், ஆள் தெருமுனையைத் தாண்டிய பிறகும் அவருடைய வாசனை மட்டும் இவர் வீட்டுக்குள் வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்ளும்.

அன்றைக்கும் அப்படித்தான். மனைவி துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். படியில் காலடி கேட்டது. இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். கண்ணை மூடினாள். மூச்சை நன்றாக இழுத்தாள்.

"ஆஹா!"

"என்ன ஆஹா?" என்றார் இவர், டீ டம்ளருக்குப் பின்னாலிருந்து.

"ஒண்ணுமில்லீங்க."

"ஒண்ணுமில்லாததுக்கு யாராவது ஆஹா சொல்லுவாங்களா?"

"மாடிவீட்டுக்காரர் இறங்கிப் போறாரு. அதான்."

"அவர் இறங்குறதுக்கு உனக்கு ஏன் மூச்சு ஏறுது?"

"வாசனைன்னா அது வாசனை! சில பேர் வந்து நின்னாலும் ஒண்ணும் தெரியாது. சில பேர் போனப்புறமும் இருப்பாங்க."

"மூக்கை வெச்சா மனுஷனை எடை போடறது? என் தொழில்ல எல்லாம் கண்ணுதான்."

"நீங்க விக்கிறது என்ன, மூக்குக்கண்ணாடிதானே? மூக்குக்கும் கொஞ்சம் மரியாதை குடுங்களேன்."

டீ அதற்கு மேல் இறங்கவில்லை. சபதம் அப்போது எடுத்ததுதான்.

திங்கட்கிழமை கடையில் வேலையே ஓடவில்லை. கண் சோதிக்கச் சுவரில் மாட்டியிருந்த எழுத்துப் பலகையை நிமிர்ந்து பார்த்தால் மேல்வரிசை எழுத்துக்கு மேலே மீசை முளைத்திருந்தது. மனைவிக்குக் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு தடவைகூட இவரைப் பார்த்து ஆஹா என்று சொல்லத் தோன்றியதில்லை. கல்யாணத்துக்குப் பின்னால் சொன்னது 'ஆஹா' இல்லை, 'ஆகா'து. அந்தச் சட்டை ஆகாது, அந்தச் செருப்பு ஆகாது, அந்தத் தொப்பை உடம்புக்கு ஆகாது.

எதிரியின் ஆயுதம் என்னவென்று தெரிந்துகொள்ள வேண்டும். சாயங்காலம் மாடி ஏறிப்போய்க் கதவைத் தட்டினார். மாடிவீட்டம்மா திறந்தாள்.

"உங்க வீட்டுத் தண்ணி எங்க பால்கனியில சொட்டுதும்மா."

"காலையிலேர்ந்து எங்களுக்குத் தண்ணியே வரலையே, சார்!"

"அப்படியா? அப்ப... வந்ததும் சொட்டும். முன்கூட்டியே சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

அதற்குள் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டார். நிலைக்கண்ணாடிக்குக் கீழே, சீப்புக்குப் பக்கத்தில், ஒரு நீலக் குப்பி. மூடி குதிரைத் தலை மாதிரி இருந்தது. பெயர் வாசல் பக்கமே திரும்பியிருந்தது. தூரப் பார்வையில் அவர் என்றைக்குமே கெட்டி.

வீட்டுக்கு வந்து கைப்பேசியில் தேடினார். பேர்போன கடைகளில் விலையைப் பார்த்ததும் வியர்த்தது. தேடத் தேட, கடைசியில் ஒரு இணையக் கடை அகப்பட்டது. அதே நீலம், அதே குதிரை. விலை மட்டும் கழுதைக்குக் கேட்கிற விலை. மேலே ஒரு கடிகாரம் சிவப்பில் துடித்துக்கொண்டிருந்தது: 'தள்ளுபடி இன்னும் சற்று நேரமே!'

மனைவி பார்சல் அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள். திருப்பி அனுப்பப்படுகிற பெட்டிகளெல்லாம் அவள் மேசையைத்தான் தொட்டுப் போகும். நேரடியாகக் கேட்டால் மானம் போய்விடும். சுற்றி வளைத்தார்.

"எனக்கு ஒரு சிநேகிதன். அவன் ஆன்லைன்ல ஏதோ செண்ட் வாங்கணுமாம். தள்ளுபடியாம்."

"அப்படியா?" மனைவி வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை. "தள்ளுபடின்னு போட்டிருந்தா கொஞ்சம் தள்ளி நின்னு படிக்கச் சொல்லுங்க. கடைக்கு முகவரி, போன் நம்பர் ஏதாவது போட்டிருக்கா? பிடிக்கலைன்னா திருப்பி எடுத்துக்குவாங்களா?"

"அவனுக்கு அதுக்கெல்லாம் நேரமில்லை. கடிகாரம் ஓடுது."

"அந்தக் கடிகாரம் பக்கத்தை மூடித் திறந்தா மறுபடி முதல்லேர்ந்து ஓடும். பாராட்டி எழுதினவங்க எல்லாரும் ஒரே ஆள் மாதிரி எழுதியிருந்தா நம்ப வேண்டாம். பணத்தை கார்டுல கட்டச் சொல்லுங்க, ஏதாவது ஆச்சுன்னா வங்கியில கேக்கலாம். யாரோ ஒருத்தர் கணக்குக்கு நேரா அனுப்பச் சொன்னா அது கடையே இல்லை."

"சொல்றேன்."

"வந்ததும் அட்டைப்பெட்டி மேல இருக்கிற எண்ணும் குப்பிக்கு அடியில இருக்கிற எண்ணும் ஒண்ணான்னு பாக்கணும். சொல்லிடுவீங்களா உங்க சிநேகிதர் கிட்ட?"

"அவன் கெட்டிக்காரன். அவனுக்குத் தெரியும்."

"பாத்தா அப்படித் தெரியலை," என்றாள் மனைவி, வெங்காயத்தைப் பார்த்து.

ஒரு பெண்பிள்ளை சொல்லி ஒரு செண்டு வாங்குவதா! குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, யாரோ ஒருத்தர் கணக்குக்கு நேராகப் பணத்தை அனுப்பிவிட்டார். கடிகாரம் நின்றது. வெற்றி!

பார்சல் வீட்டுக்கு வந்தால் மாட்டிக்கொள்வோம் என்று கடை முகவரியைக் கொடுத்திருந்தார். வந்தது. பிரித்தார். நீலம் சரிதான். மூடியில் இருந்த குதிரைக்கு மட்டும் காது சற்று நீளமாக இருந்தது. உற்றுப் பார்த்தார். கழுதை. போகட்டும், இரண்டும் ஒரே இனம்தானே. எண்களை ஒப்பிடலாம் என்று பார்த்தால் பெட்டியில் எண் இருந்தது; குப்பிக்கு அடியில் பசை இருந்தது.

கடையைச் சாத்திவிட்டுக் கழுத்தில் நாலு தடவை, சட்டையில் நாலு தடவை, அக்குளில் தாராளமாக அடித்துக்கொண்டு கிளம்பினார். பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கினார். 'இவருக்கும் பொறாமை' என்று நினைத்துக்கொண்டார்.

வீட்டுப் படியில் மாடிவீட்டுக்காரரே எதிரில் வந்தார். இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்குமா? இவர் மார்பை நிமிர்த்தி நடுப்படியில் நின்றார். அவர் மூக்கைச் சுளித்தார். இப்படியும் அப்படியும் பார்த்தார்.

"சார், எறும்பு மருந்து அடிச்சிருக்காங்களா? பாத்துப் போங்க, ஈரமா இருக்கும்."

கதவைத் திறந்த மனைவி இரண்டு எட்டு பின்னால் போனாள். "என்னங்க, கடையைக் கழுவி விட்டீங்களா?"

பதில் சொல்ல வாயெடுத்தவர் கழுத்தைச் சொறிந்தார். முதலில் கழுத்து, அடுத்தது மார்பு, பிறகு சொல்லக்கூடாத இடமெல்லாம். சட்டையில் அடித்த இடங்களில் ஊதா வட்டங்கள் மலர்ந்திருந்தன. அவசரமாகக் கைப்பேசியை எடுத்து அந்தக் கடையைத் தேடினார். கடையும் இல்லை, கடிகாரமும் இல்லை.

"குளிச்சிட்டு வாங்க," என்றாள் மனைவி. திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

குளித்துவிட்டு வந்தார். கழுத்தில் களிம்பு பூசிவிட்டாள். "உங்க சிநேகிதருக்கு இப்ப எரிச்சல் எப்படி இருக்காம்?" என்று கேட்டுக்கொண்டே அலமாரியைத் திறந்து, புடவை அடுக்குக்குப் பின்னாலிருந்து எதையோ எடுத்து மேசையில் வைத்தாள்.

நீலக் குப்பி. குதிரைத் தலை. சுத்தமான குதிரை.

இவருக்கு உடம்பில் எரிந்ததெல்லாம் அணைந்து உள்ளே ஒன்று பற்றிக்கொண்டது.

"இது... இது எப்படி உன் அலமாரியில? அவன் குடுத்தானா?"

"எவன்?"

"மாடி!"

"நான்தான் அவங்களுக்குக் குடுத்தேன். நல்ல கடையா விசாரிச்சு, பழைய வருஷத்துப் பெட்டின்னு தள்ளுபடி போட்டப்ப வாங்கினேன். ரெண்டா வாங்கினா இன்னும் குறைச்சல்னாங்க. ஒண்ணை மாடிவீட்டம்மா எடுத்துக்கிட்டாங்க, அவர் போட்டுக்க. ஒண்ணு உங்களுக்கு."

"எனக்கா? அப்புறம் ஏன் ஒளிச்சு வெச்சே?"

"போன பிறந்தநாளுக்கு ஒண்ணு குடுத்தேனே, என்ன பண்ணீங்க? லென்ஸ் தொடைக்க நல்லாயிருக்குன்னு கடையில வெச்சுட்டீங்க. குடுத்தா போட மாட்டீங்க. இன்னொருத்தர் போட்டா போடுவீங்க. அதான், நம்ம வாசலுக்கு நேரா மெதுவா இறங்கச் சொல்லுங்கன்னு அந்தம்மா கிட்ட கேட்டுக்கிட்டேன். நான் ஆஹா சொன்னேன்."

கண்ணாடிக்கடைக்காரருக்கு உச்சி குளிர்ந்தது. ஆக, அந்த ஆஹாவெல்லாம் இவருக்காகச் சொன்ன ஆஹா! மாடிவீட்டுக்காரன் வெறும் கூலிக்கு மணம் வீசியவன். தானாகவே கை மீசைக்குப் போனது. மீசை இல்லை என்பதால் மூக்கைத் தடவிக்கொண்டார்.

"ஏண்டி, என்னைப் பொறாமைப்பட வெக்க இவ்வளவு பாடா? இத்தனை வருஷத்துக்கப்புறமும் என் மேல இவ்வளவு ஆசையா உனக்கு?"

"ஆசையா?" மனைவி களிம்பு டப்பாவை மூடினாள். "உங்க கிட்ட கண்ணாடி போட வந்த ஒருத்தர் சொன்ன புகார்ங்க. நீங்க கண்ணைப் பாக்க மூஞ்சிகிட்ட குனிஞ்சதும், வேர்வை நாத்தம் தாங்காம மூச்சைப் பிடிச்சுக்கிட்டு, 'இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா'ன்னு நீங்க கேட்டதுக்கெல்லாம் 'தெளிவா இருக்கு சார், தெளிவா இருக்கு'ன்னு தலையை ஆட்டிட்டு ஓடியே வந்துட்டாராம்."

"யாரு?"

"மாடிவீட்டுக்காரர்தான். பாவம், அந்தத் தப்புக் கண்ணாடியைப் போட்டுக்கிட்டுத்தான் இன்னிக்கு வரைக்கும் ஊருக்கெல்லாம் கார் ஓட்டச் சொல்லிக் குடுத்துக்கிட்டிருக்காரு."