மூன்று அங்குலம்

"எழுந்திருக்காதேன்னு சொன்னேன்ல!"

அக்கா போட்ட சத்தத்தில், முழங்கையை ஊன்றிப் பாதி எழுந்துவிட்ட ஏணி மறுபடியும் தரையில் சரிந்தான். கூடத்தின் இந்தச் சுவரில் தலை, அந்தச் சுவருக்குப் பக்கத்தில் கால். நடக்க வழியில்லாமல் அத்தான் காலையிலிருந்து அவனைத் தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்.

"தண்ணி குடிக்கணும்க்கா."

"படுத்துக்கிட்டே குடி. ஸ்ட்ரா வச்சிருக்கேன்."

ஏணி என்பது கல்லூரிக் கூடைப்பந்து அணியில் தோழர்கள் வைத்த பெயர். நான்கு வருடம் ஆடி முடித்துவிட்டான். இன்று நான்கு மணிக்கு ஒரு தொழில்முறை கிளப்பில் அவனை அளக்கப் போகிறார்கள். ஆட்டத்தை வீடியோவில் பார்த்தாகிவிட்டது, பிடித்துவிட்டது. உயரத்தைச் சரிபார்த்ததும் கையெழுத்துதான் என்று கடிதம் வந்திருந்தது. வம்பே அந்த உயரத்தில்தான். கல்லூரிப் பட்டியலில் அவன் ஆறடி ஆறு அங்குலம். வீட்டுக் கதவு நிலையில் ஆறடி மூன்று.

அந்த மூன்று அங்குலம் கல்லூரிப் பயிற்சியாளரின் கைவண்ணம். "எல்லாக் காலேஜும் கூட்டித்தாண்டா எழுதுது. போகப்போக நீயே வளந்துடுவ," என்று முதல் வருடமே எழுதிவிட்டார். அதை நம்பி அவனும் வளரப் பார்த்தான். பிறந்தநாள்தோறும் கதவு நிலையில் முதுகை ஒட்டி நின்று அக்காவைக் கோடு போடச் சொன்னான். நான்கு கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்றாகவே விழுந்தன.

வேறெந்தக் கிளப்பும் அவனைக் கூப்பிடவில்லை. இதுவும் கைநழுவினால் திங்கட்கிழமை முதல் அத்தானின் சாமான் வண்டியில் பீரோ தூக்க வேண்டியதுதான். பீரோ தூக்குவது கேவலமில்லை. ஆனால் பந்தைத் தொடாத ஒரு நாளை அவனுக்கு நினைத்துப் பார்க்கவே வரவில்லை.

அக்காவுக்கு முதுகுவலி சிகிச்சை நிலையத்தில் வேலை. யோசனை அவளுடையது.

"நிக்க நிக்க முதுகெலும்பு அமுங்கும்டா. அசையாம படுத்துக் கிடந்தா அரை அங்குலம் கூடும்."

"மீதி ரெண்டரை?"

"முடியைத் தூக்கி வாரு. நெஞ்சை நிமித்து. எல்லாத்தையும் நானேவா சொல்லணும்?"

உட்கார்ந்து போனால் பட்ட பாடெல்லாம் வீண் என்பதால், சாமான் வண்டியின் பின்புறம் மெத்தை விரித்து அவனைக் கிடத்தினார்கள். இருபுறமும் வேறு யார் வீட்டுக்கோ போகவேண்டிய நாற்காலிகள். முதல் திருப்பத்திலேயே ஒரு நாற்காலி அவன் உச்சந்தலையில் இறங்கியது.

"அக்கா, வீங்குது!"

முன்னாலிருந்து திரும்பிப் பார்த்த அக்காவின் முகத்தில் கவலை ஒரு கணம்தான் இருந்தது. "நட்ட நடு உச்சியிலயா? தேய்க்காதே. கால் அங்குலம் தேறும்."

கிளப்பின் வாசலிலிருந்து அலுவலகம் கண்ணுக்கெட்டாத தூரத்தில் இருந்தது. "இவ்வளவு தூரம் நடந்தா மாப்ள பழையபடி ஆயிடுவான்," என்று அத்தான் பீரோ தள்ளும் தள்ளுவண்டியை இறக்கினார். வெயில் சுள்ளென்று அடித்ததால் அக்கா ஒரு போர்வையைத் தலைவரை இழுத்துவிட்டாள்.

வாயில் காவலாளி பதறிப்போய் ஓடிவந்தார். "என்னங்க ஆச்சு?"

"ஒண்ணுமில்லைங்க. அளவெடுக்க வந்திருக்கோம்," என்றார் அத்தான்.

காவலாளி மெல்லத் தொப்பியைக் கழற்றினார்.

போர்வைக்குள்ளிருந்து, "வணக்கம்ணே," என்று குரல் வந்ததும் அவர் போட்ட கூச்சலில் கிளப்பின் டாக்டர் வெளியே வந்துவிட்டார். போர்வையை விலக்கினார். உச்சந்தலை வீக்கத்தைப் பார்த்தார்.

"அடிபட்ட ஆளை நாங்க எடுக்க முடியாதே."

"அவன் கல்லு மாதிரி இருக்கான் டாக்டர்," என்றாள் அக்கா.

"அப்ப ஏன் படுத்திருக்கார்?"

அத்தான் அவசரமாகப் போர்வையை மடிக்க ஆரம்பித்தார்.

"சரி, எழுந்திருங்க. அந்தப் படிக்கட்டுல இருபது தடவை ஏறி இறங்குங்க. முடிச்சுட்டு இருபது தடவை குதிங்க. தலை சுத்தலைன்னா உள்ள அனுப்பறேன்."

மறுத்தால் அடிபட்டவன், குதித்தால் குள்ளன். ஏணி ஏறினான், இறங்கினான், குதித்தான். ஒவ்வொரு குதிப்பிலும் காலையிலிருந்து படுத்துச் சேர்த்தது கரைவதாகவே அவனுக்குப் பட்டது. வியர்வையில் நனைந்து தூக்கி வாரிய முடியும் படிந்துவிட்டது. அக்கா எண்ணுவதை நிறுத்திவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அளக்கும் அறையில் காதில் பென்சில் செருகிய ஓர் அம்மாள் இருந்தாள். அவன் செருப்பைக் கழற்றிவிட்டு அளவுப் பலகையில் முதுகை ஒட்டி நின்றான். நெஞ்சை நிமிர்த்தினான். மூச்சை இழுத்துப் பிடித்தான். அந்த அம்மாள் தலைமேல் இருந்த அளவுக் கட்டையை இறக்கப் போகும்போது என்னவோ, நான்கு வருடக் களைப்பும் ஒன்றாகச் சேர்ந்து வந்தது. மூச்சை விட்டுவிட்டான்.

"மேடம், பட்டியல்ல இருக்கறது பொய். நான் ஆறடி மூணுதான். நாலு வருஷமா ஒவ்வொரு ஆட்டத்துலயும் யாராவது கண்டுபிடிச்சிருவாங்களோன்னு பயந்துக்கிட்டே ஆடினேன். இனிமே முடியாது. சரியா அளந்து எழுதிக்குங்க."

சொல்லி முடித்ததும் கண் கலங்கியது. மனசு லேசாகவும் இருந்தது. திங்கட்கிழமை பீரோ தூக்கலாம், பரவாயில்லை என்று தோன்றியது.

அந்த அம்மாள் வீக்கத்தில் இடிக்காமல் கட்டையைச் சற்றுச் சாய்த்து இறக்கினாள். எழுதினாள். முத்திரை குத்தித் தாளை நீட்டினாள்.

"ஆறடி மூணு. பக்கத்து ரூம்ல போய்க் கையெழுத்துப் போடுங்க தம்பி."

ஏணிக்குக் கை நீளவில்லை. "ஆறடி ஆறுன்னு நம்பித்தானே மேடம் என்னைக் கூப்பிட்டீங்க?"

"நெட்டையங்க எங்ககிட்ட எட்டுப் பேர் இருக்காங்க. பந்தைத் தட்டி ஓட்டிட்டு வர ஆறடி மூணுலதான் ஆள் தேவை, அதான் காலேஜ் எழுதறதுல மூணைக் கழிச்சுட்டுக் கூப்பிட்டோம்," என்று அவள் பென்சிலை மறுபடியும் காதில் செருகினாள். "காலையில வந்த பையன்தான் பாவம், அளந்தா நிஜமாவே ஆறடி ஆறு. அவன் காலேஜ்ல உண்மையை எழுதித் தொலைச்சிருக்காங்க."