சுத்தமான கரையில் அவருக்கு என்ன வேலை?

மழைக்காலம் வருவதை நீங்கள் எதை வைத்துத் தெரிந்துகொள்கிறீர்களோ, எனக்குத் தெரியாது. பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்தில் எங்களுக்கு அந்தக் கஷ்டமே இல்லை. வானத்தை அண்ணாந்து பார்க்க வேண்டாம், டி.வி.யில் வானிலை அறிக்கை கேட்க வேண்டாம். ஆற்றங்கரையில் ஒரு வேன் வந்து நின்று, அதிலிருந்து ஒரே நிறத்தில் பனியன் போட்ட கூட்டம் ஒன்று இறங்கி, இறங்கிய கையோடு ஃப்ளெக்ஸ் கட்டுவதற்கு இரண்டு மரம் தேடினால், ஐப்பசி பிறக்கப்போகிறது என்று அர்த்தம். அந்தக் கூட்டத்தின் நடுவில், சட்டைக்கு மேலேயே பனியனை மாட்டி, காலரை மட்டும் வெளியே எடுத்துவிட்டுக்கொண்டு ஒருவர் நிற்பார். நான் சொல்ல வந்தது அவரைப் பற்றித்தான். அவர் பெயர் விழிப்புணர்வாளர்.

போன வாரம் கீழப்பழுவூரில் ஏரிக்காக உருகியிருப்பார். அடுத்த வாரம் வரதராஜன்பேட்டையில் கொசுவை எதிர்த்து மனிதச் சங்கிலி. நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா கிடந்ததால் எங்கள் வெள்ளாறு. அவர் கையில் துடைப்பம் இருக்கும். அதன் பிளாஸ்டிக் உறை பிரிக்கப்பட்டிருக்காது. கையுறை இருக்கும், அதை மாட்டிக்கொண்டால் செல்போன் திரை கேட்காது என்பதால் பாக்கெட்டிலேயே இருக்கும். பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் குடித்துத் தொண்டையை நனைத்துக்கொண்டு பிளாஸ்டிக்கின் தீமைகளைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசுவார். காலி பாட்டில் என்ன ஆகும்? அதைத்தானே ஐயா சுத்தம் செய்யப்போகிறார்கள்.

அவரிடம் இரண்டே வசனம். "மக்கள்கிட்ட அவேர்னஸ் இல்ல" என்பது ஒன்று. "அது வேற சப்ஜெக்ட்டு" என்பது இன்னொன்று. முதலாவதை மைக்கில் சொல்வார். யாராவது எழுந்து கேள்வி கேட்டால் இரண்டாவது வரும்.

எங்களுக்கு வாய்த்த விழிப்புணர்வாளர் குருமூர்த்தி சார். நதிநலப் பேரவையின் நிறுவனர், தலைவர், சிறப்புப் பேச்சாளர் எல்லாம் அவரே. வருஷா வருஷம் வருவார், கரையைக் கூட்டுவார், போட்டோ எடுப்பார், போவார். நாங்களும் வருஷா வருஷம் மழை பிடித்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவோம். காரணம் ஊருக்கே தெரியும். கரைமேல் ராசாங்கம் அண்ணனின் கல்யாண மண்டபம். அதன் கழிவுநீரெல்லாம் ஒரு பெரிய பைப் வழியாக ஆற்றில் இறங்கும். இறங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழேதான் எங்கள் தெருவுக்குக் குடிதண்ணீர் ஏற்றும் கிணறு, ஆற்று மணலிலேயே இருக்கிறது. போன மழைக்கு எங்கள் பக்கத்து வீட்டு ஃபஹ்மிதாவின் மகள் ஃபைஸாவுக்கு மஞ்சள்காமாலை கண்டு, அரைப் பரீட்சையே எழுதாமல் சுருண்டு கிடந்தாள். இந்த மழைக்கு முன்னால் அந்த பைப்பை அடைக்க வைக்காமல் விடுவதில்லை என்று ஃபஹ்மிதா ஒற்றைக்காலில் நின்றாள். ராசாங்கம் அண்ணனைக் கேட்டால் "பாப்போம்மா" என்பார். புருஷன் அப்துல் ஹாதியோ சவூதியில். பேரவை போடுகிற போட்டோவையெல்லாம் பார்த்துவிட்டு, "மாஷா அல்லாஹ், ஆறு பளபளன்னு இருக்கே, அப்பறம் என்ன புள்ளைக்குக் காமாலங்கிற?" என்று போனில் அவளையே கேட்பான்.

அதனால் இந்தத் தடவை ஃபஹ்மிதா ஒரு காரியம் செய்தாள். பைப் வாயைக் குப்பை மூடிக் கிடப்பதால்தானே வருகிறவர்கள் கண்ணில் படவில்லை? குருமூர்த்தி சார் வருவதற்கு முந்தின நாள், எதிர்வீட்டு மருதாயியைக் கூட்டிக்கொண்டு போய்க் கரை முழுவதும் கூட்டி அள்ளி, மூட்டை மூட்டையாகக் கட்டி ரோட்டோரம் அடுக்கிவிட்டாள். கரை பளிச்சென்று ஆனது. பைப் வாயும் பளிச்சென்று தெரிந்தது.

மறுநாள் வேனிலிருந்து இறங்கிய குருமூர்த்தி சாரின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கல்யாணத்துக்கு வந்து பெண்ணைக் காணோம் என்றால் மாப்பிள்ளை முகம் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது.

"யாரும்மா இதெல்லாம் கூட்டுனது?"

"நாங்கதான் சார். நீங்க வர்றீங்கன்னுதான்."

"ஒரு வார்த்த கேக்க வேணாமா? பிஃபோர் போட்டோ இல்லாம ஆஃப்டர் போட்டோவ வச்சு நான் என்னம்மா பண்றது?"

"அது கெடக்கட்டும் சார். அந்தா பைப்பு தெரியுது பாருங்க. அதுலேர்ந்துதான் கெணத்துக்கு எறங்குது. எம்மவ போன வருசம்..."

"அது வேற சப்ஜெக்ட்டும்மா" என்றார் குருமூர்த்தி சார்.

சொல்லிவிட்டு, டிராக்டர் ஓட்டும் சரத்குமாரைக் கூப்பிட்டார். ரோட்டோரத்து மூட்டைகளை ஏற்றி வந்து திரும்பவும் கரையில் கொட்டச் சொன்னார். நான் கதை விடுவதாக நினைக்காதீர்கள், இதே கண்ணால் பார்த்தேன்.

"எங்கண்ணே கொட்டுறது?" என்றான் சரத்குமார்.

"அந்த பைப்புதான் அசிங்கமா தெரியுது. அது மேலயே கொட்டிடு."

கொட்டினான். சரிந்து சரிந்து விழுந்ததால், டிராக்டரை ரிவர்ஸ் எடுத்து, டிரெய்லரின் பின்பக்கத்தால் அழுத்தி ஒரு முட்டும் முட்டிவைத்தான். ஃபஹ்மிதாவுக்குக் கண் கலங்கிப் போயிற்று. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தத் துடைப்பத்தின் உறையைப் பிரித்து முதல் உபயோகத்தை நானே செய்திருப்பேன்.

பிறகு விழா ஜாம்ஜாம் என்று நடந்தது. பிஃபோர் போட்டோ ஆயிற்று. சிறப்பு விருந்தினர் யார் என்கிறீர்கள்? மதியச் சாப்பாடு யார் போடுகிறாரோ அவர்தானே. ராசாங்கம் அண்ணன் மைக் பிடித்து, வலது கையை நீட்டி, "கழிவுநீரை ஆற்றில் விடமாட்டேன், விடுவதைக் கண்டால் தடுப்பேன்" என்று உறுதிமொழி படிக்க, பனியன்கள் அத்தனையும் திருப்பிச் சொல்லின. போட்டோவில் விழுகிற அளவுக்குக் கரையைக் கூட்டினார்கள். ஆஃப்டர் போட்டோவும் ஆயிற்று. பைப் மேல் கிடந்த குவியல் படத்தில் விழாது என்று போட்டோக்காரர் சொல்லிவிட்டதால், அதை அப்படியே விட்டுவிட்டு மண்டபத்துக்குச் சாப்பிடப் போய்விட்டார்கள்.

முதல் பந்தி முடிந்து கை கழுவினார்கள். அண்டா கழுவிய தண்ணீர் வேறு. எல்லாம் எங்கே போகும்? வழி அடைத்திருந்தது. போன தண்ணீரெல்லாம் திரும்பி வந்தது. கை கழுவும் இடத்தில் குபுக் குபுக் என்று கிளம்பி, நடையைத் தாண்டி, சாப்பாட்டுக் கூடத்துக்குள் நுழைந்தபோது, இரண்டாம் பந்தியில் குருமூர்த்தி சார் பாயசத்தில் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தார். அவருக்கு அப்போதுதான் முழு விழிப்பு வந்தது. காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டார்.

ராசாங்கம் அண்ணன் கடப்பாரையோடு ஆளை இழுத்துக்கொண்டு கரைக்கு ஓடிவந்தார், பின்னாலேயே குருமூர்த்தி சாரும். குவியல்மேல் பேரவையின் ஃப்ளெக்ஸை விரித்து, ஃபஹ்மிதாவும் மருதாயியும் உட்கார்ந்திருந்தார்கள்.

"எந்திரிங்கம்மா, அடப்ப எடுக்கணும்."

"அடப்ப எடுத்தா கழிவு ஆத்துலல்ல அண்ணே வரும்?" என்றாள் ஃபஹ்மிதா. "விட்டா தடுப்பேன்னு காலைல நீங்க சொல்லிக்குடுத்தீங்க, நாங்களும் கைய நீட்டிச் சொன்னோம். வீடியோகூட எடுத்து வச்சிருக்கேன், போட்டுக் காட்டவா?"

"நாளான்னிக்கு மண்டபத்துல முகூர்த்தம் இருக்கும்மா."

"எங்க வூட்லயும் புள்ளைக்குப் பரீட்ச இருக்குண்ணே."

அண்ணன் திரும்பி குருமூர்த்தி சாரைப் பார்த்தார். குருமூர்த்தி சார் ஆற்றைப் பார்த்தார். மருதாயி காலை நீட்டி இன்னும் வசதியாக உட்கார்ந்தாள். "கொட்டச் சொன்ன சார அள்ளச் சொல்லுங்க, அள்ளட்டும். எனக்கு நேத்து அள்ளுனதே இடுப்பு கழண்டுபோச்சு."

அன்று பொழுது சாய்வதற்குள் கழிவுநீர் லாரி வந்து மண்டபத்தைக் காலி செய்தது. மறுநாள் பைப் வாயை சிமென்ட் வைத்து அடைத்தார்கள். பின்பக்கம் தொட்டி கட்ட ஜே.சி.பி. குழி பறித்த சத்தத்தைக் கேட்டுக்கொண்டே என் வாழ்க்கையில் நான் ஒரு டீயை அத்தனை ருசியாகக் குடித்ததில்லை. இந்த மழைக்கு எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் நாறவில்லை. ஃபைஸா பரீட்சை எழுதிவிட்டு வந்து, கணக்கு மட்டும் கஷ்டம் என்கிறாள்.

பேப்பரில் செய்தியும் வந்தது: "நதிநலப் பேரவையின் முயற்சியால் கழிவுநீர்க் குழாய் அடைப்பு." பொய் என்று சொல்ல முடியுமா? கொட்டச் சொன்னது சார்தானே. ஆற்றுக்கு அவர் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான், அதுவும் தெரியாமல் செய்தது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். போகிற போக்கில் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இன்று காலையில் நீங்கள் குளித்த தண்ணீர், உங்கள் வீட்டுச் சுவரைத் தாண்டி எங்கே போகிறது? தெருமுனைச் சாக்கடை வரைக்கும் சொல்லிவிடுவீர்கள். அதற்கு அப்பால்? யார் கிணற்றுக்குப் பக்கத்தில்?

என்ன, வேற சப்ஜெக்ட்டா? அப்படியென்றால் கொஞ்சம் நில்லுங்கள். குருமூர்த்தி சாரிடம் சொல்லி, உங்கள் அளவுக்கு ஒரு பனியன் எடுத்துவைக்கச் சொல்கிறேன்.